வாவிக்கரைப் பட்டிகளும் கலப்பின முயற்சியும்



மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளுக்கும் நம் முன்னோர் இட்டு வழங்கிய பெயர்கள் எழுவான்கரை, படுவான்கரை என்பன. ஞாயிறு எழுகின்ற கடற்பக்கத்தே சந்தையும் பாடசாலையும் நெருங்கிய ஊர்களும் அமைந்தன. ஞாயிறு படுகின்ற மேற்குப் பக்கத்தே வயல் வட்டைகளும், அவற்றுக்கப்பால் காடும் மேய்ச்சற்றரையும் அமைந்தன. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுள்ள இந்த வாவியைத் தோணியிலும் பின்னர்ப் பாலத்திலுமாகக் கடந்து, மேற்கிலிருந்து கிழக்கே நெல்லும் தயிரும் மாடும் வந்துகொண்டிருந்தன. கிழக்கிலிருந்து மேற்கே உப்பும் துணியும் கருவாடும் சென்றன. இவ்வழியே வந்த மாட்டைப் பற்றியே இன்று சில செய்திகள் கூற விழைகின்றேன்.

நம் பகுதி மாட்டிறைச்சி கடினமானது, நெடுநேரம் அவித்தாலன்றிப் பல்லுக்கு வசப்படாதது என்ற குறை நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. பிறநாட்டு நல்லினக் காளைகளைக் கொணர்ந்து கலப்பினம் செய்தால் இக்குறை நீங்காதோ என்று வினவுவோரும் உளர். இறைச்சியைப் பற்றிய பேச்சு நேயர்கள் சிலருக்கு உவப்பாய் இராது என்பதை அறிவேன். ஆயினும் பட்டி வளர்த்தவர் பெரும்பாலும் சைவர், வாங்கி விற்றவர் பெரும்பாலும் முஸ்லிம்கள் என்ற வகையில், இவ்வாவிக்கரையின் இரு சமூகத்தாரையும் பிணைத்து வைத்த தொழில்களுள் இதுவும் ஒன்று. அதன் வரலாற்றை விலக்கி நம் ஊர் வரலாற்றை எழுதுதல் இயலாது.

முதலில் நாட்டு மாட்டைப் பார்ப்போம். உலகத்து மாடுகள் இருபெரும் கிளையின. திமிலில்லாத கிளை ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவில் மனிதனோடு பழகிற்று. ஐரோப்பிய இனங்கள் யாவும் அதன் வழியின. திமிலுள்ள கிளை சிந்து வெளிக்கு மேற்கேயுள்ள நிலப்பகுதியில், ஏறத்தாழ எண்ணாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், வேறாகப் பழக்கப்பட்டது. நம் நாட்டு மாடு இந்த இரண்டாம் கிளையைச் சேர்ந்தது. உருவிற் சிறியது, வளர்ந்த பசுவும் பெரும்பாலும் 200 கிலோகிராமைத் தாண்டுவதில்லை. கன்று குடித்தது போகக் கறக்கும் பால் நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றரே. ஆனால் வெயிலைத் தாங்கும், உண்ணியைத் தாங்கும், வைகாசி முதல் புரட்டாசி வரை காய்ந்து சருகான புல்லைத் தின்று உயிர்தாங்கி, மாரி பெய்ததும் மீண்டும் உடம்பு தேறும். குறுகிய உருவத்தைக் குறையென்று கருதுவோர், அவ்வுருவமே பஞ்சகாலத்தைத் தாண்டுவதற்கான உபாயம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இம்மாட்டை நம்மவர் எதற்காக வளர்த்தனர்? ஏருக்கு, வண்டிக்கு, சூடு மிதிப்பதற்கு, பாலுக்கு, எருவுக்கு. உழவு இயந்திரம் வருமுன்னர், சேறு மிதித்து வயலைப் பண்படுத்தும் வேலையை எருமைக் கூட்டமே செய்தது. கரையோரத்து உப்பையும் கருவாட்டையும் பொதியாகச் சுமந்து உள்நாட்டுக் காட்டுவழிகளில் நடந்தவை தாவள மாடுகள். போடியார் ஒருவரின் செல்வம் இத்தனை ஏக்கர் வயல் என்பதோடு இத்தனை பட்டி மாடு என்றும் எண்ணப்பட்டது. பெரும்போக விதைப்புத் தொடங்கியதும் பட்டிகள் வயலைவிட்டு விலகி மேற்கே காட்டோர மேய்ச்சற்றரைக்குப் போகும். வெள்ளாண்மை வெட்டி முடிந்ததும் தாளடி மேயத் திரும்பிவரும். கலந்து மேயும் மாடுகளைப் பிரித்தறியக் குறி சுடுவார்கள். தாய்வழிக் குடிமுறை நிலவும் இந்நாட்டில் அக்குறிகள் பலவும் குடிக்குரியனவாய் அமைந்தன என்பது வரலாறு பயில்வோர் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. எழுத்தறியாத இடையனும் மாட்டின் தொடையைப் பார்த்து உடையவரின் குடியைச் சொல்லிவிடுவான்.

இத்தனை பயன்களுள் இறைச்சி கடைசியில் நின்றது. எந்தப் போடியாரும் மென்மையான இறைச்சியை எண்ணிக் காளை தெரிந்தவரல்லர். உழைத்து ஓய்ந்த எருதும், ஈற்றுத் தீர்ந்த கிழப்பசுவும், பணமுடை வந்தபோது விற்கப்பட்ட நாம்பன்களுமே கடைக்குப் போயின. சட்டமும் அவ்வழியையே உறுதிசெய்தது. மாட்டிறைச்சிக் கடைகளை ஒழுங்குபடுத்தும் கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் 1893இல் வந்தது. 1958ஆம் ஆண்டின் 29ஆம் இலக்க விலங்குகள் சட்டமோ பயன்படும் நிலையிலுள்ள பசுக்களையும் எருமைகளையும் அறுப்பதைக் கட்டுப்படுத்திற்று. ஏருக்கும் பாலுக்கும் மாடு குறைந்துவிடலாகாது என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கமே. ஆனால் கடைக்கு வருவது கிழமாடாகவே இருக்கும் என்பதும் அதனோடு கூடவே வந்த விளைவு.

இனிக் கலப்பின வரலாற்றுக்கு வருவோம். இலங்கையில் அயல்நாட்டு மாடு நுழைந்தது புதிய செய்தியன்று. ஒல்லாந்தர் காலத்தில் நன்னம்பிக்கை முனை வழியாக வந்த ஐரோப்பிய மாடுகளின் வழித்தோன்றல்கள் என்று சொல்லப்படுபவை அற்றன் பகுதி மாடுகள். 1848இல் சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர் நுவரெலியாவில் பண்ணை அமைக்க முற்பட்டு, இங்கிலாந்திலிருந்து டர்ஹாம் இனக் கால்நடைகளைக் கப்பலேற்றிக் கொணர்வித்தார். வேட்டைக்காக மட்டக்களப்புக் காடுகளையும் நன்கறிந்தவர் அவர். அவருடைய உழவெருதுகள் பலவற்றை மாட்டுக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்று. கோப்பிப் பயிர் ஓங்கிய காலத்தே வண்டி இழுக்கத் தென்னிந்தியாவிலிருந்து பெருந்தொகையான எருதுகள் இறக்குமதியாயின. வலிமை வந்தது, கூடவே கொள்ளைநோயும் திரும்பத் திரும்ப வந்தது. புதிய இரத்தம் கொண்டுவருவோர் புதிய நோயையும் எண்ணிப் பார்க்கவேண்டும் என்ற பாடத்தை இத்தீவு விலை கொடுத்தே கற்றது.

இருபதாம் நூற்றாண்டில் இம்முயற்சி அரசின் கைக்கு வந்தது. மலைநாட்டில், அம்பேவெல போன்ற குளிர்ந்த இடங்களில், அயர்சயர், பிரீசியன், ஜேர்சி இனங்கள் வைக்கப்பட்டன. வரண்ட வலயத்துக்கு அவை ஒவ்வா என்பது கண்டு, இங்கே சிந்தி, சாகிவால் முதலிய வட இந்தியப் பாலினங்கள் பரிந்துரைக்கப்பட்டன. 1973இல் தேசிய கால்நடை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டபின் பண்ணைகள் விரிந்தன. மிருக வைத்திய அலுவலகங்கள் மூலம் செயற்கைச் சினைப்படுத்தலும் ஊர்களுக்கு வந்தது.

இம்முயற்சிகள் யாவும் பாலை நோக்கியவை. ஆயினும் இறைச்சியின் பக்கம் நின்று பார்க்கின்றவனுக்கு இங்கே ஒரு வேடிக்கை தென்படும். சாகிவாலும் சிந்தியும் திமிலுள்ள கிளையின. நம் நாட்டு மாடும் அதே கிளை. ஆகவே படுவான்கரையில் நடந்த கலப்பு, திமிலோடு திமிலைக் கலந்ததேயாகும். உருவம் பெருத்தது, மடி பெருத்தது. இறைச்சியின் தன்மை மாறவில்லை. இதன் காரணத்தை விளங்கிக்கொள்ள வேண்டுமானால், நம் கீழ்த்திசை மாடு கடல்கடந்து மேல்நாடு சென்ற கதையைச் சிறிது கூறவேண்டும்.

பழைய சென்னை மாகாணத்து நெல்லூர், ஒங்கோல் பகுதிகளின் பெரிய வெள்ளை மாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கப்பலேறின. 1868இல் பிறேசில் நாட்டின் சல்வடோர்த் துறைமுகத்தில் ஒரு சோடி இறங்கியதாக அந்நாட்டார் தம் வரலாற்றைத் தொடங்குகின்றனர். இன்று பிறேசிலின் இறைச்சி மாடுகளுட் பெரும்பகுதி அவ்வினத்தின் வழியினவே. இனத்தின் பெயரும் நெலோரே. ஆந்திரக் கடற்கரையின் ஊர்ப்பெயர் தென்னமெரிக்கப் புல்வெளியில் நாள்தோறும் உச்சரிக்கப்படுகின்றது. ஐக்கிய அமெரிக்காவிலே இந்திய இனங்கள் பலவற்றைச் சேர்த்துப் பிராமன் என்னும் இனத்தை ஆக்கினர்; அதற்கான சங்கம் 1924இல் தோன்றிற்று. ரெக்சாஸ் மாநிலத்துக் கிங் பண்ணையார் பிராமனோடு குறுங்கொம்பு இனத்தைக் கலந்து, எட்டில் மூன்று பங்கு பிராமனும் எட்டில் ஐந்து பங்கு குறுங்கொம்புமாகச் சந்தா கேர்த்துருடிஸ் என்ற புதிய இனத்தை உருவாக்கினர். 1940இல் அரசு அதனைத் தனியினமாக ஏற்றது.

அவுஸ்திரேலியாவின் வடபகுதி நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது; வெப்பமும் உண்ணியும் நமக்கும் அதற்கும் பொது. 1872இல் யாவாவிலிருந்து டார்வினுக்கு வந்த மாடுகளோடு உண்ணி நுழைந்தது. இங்கிலாந்து இன மாடுகள் உண்ணிக் காய்ச்சலால் மடிந்தன. 1933இல் குயீன்ஸ்லாந்துக்குப் பிராமன் மாடுகள் வந்தன. தொடக்கத்தில் மேய்ச்சற்காரர் பலர் திமில் மாட்டை இகழ்ந்தனர். மந்தைகள் உயிரோடு நின்றதைக் கண்டபின் இகழ்ச்சி ஓய்ந்தது. ஆனால் கசாப்புக் கடையிலிருந்து வேறொரு முறைப்பாடு எழுந்தது. திமில் இரத்தம் கூடுந்தோறும் இறைச்சி கடினப்படுகிறது என்பதே அது.

இது வெறும் நாவின் தீர்ப்பன்று. இறைச்சித் துண்டை அலகினால் வெட்டுவதற்கு எவ்வளவு விசை வேண்டும் என்று அளக்கும் பொறியொன்று இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே அமெரிக்காவில் அமைந்துவிட்டது. நெபிராஸ்காவின் கிளே சென்றர் ஆராய்ச்சி நிலையத்தார், ஐரோப்பிய இனங்களோடு பிராமனையும் சாகிவாலையும் வெவ்வேறு அளவிற் கலந்து அளந்து, 1989இல் முடிவை வெளியிட்டனர். கால் பங்கு, அரைப் பங்கு, முக்காற் பங்கு எனத் திமிலினத்தின் பங்கு ஏறஏற வெட்டும் விசையும் ஏறிற்று. நேயர்கள் கவனிக்க வேண்டியது, அங்கே அளக்கப்பட்ட சாகிவால் நம் படுவான்கரைக்குப் பரிந்துரைக்கப்பட்ட அதே சாகிவால். அவுஸ்திரேலியர் 1990களின் இறுதியில் இறைச்சித் தரம் பிரிக்கும் முறையொன்றை வகுத்தபோது, அறுத்த மாட்டின் திமில் உயரத்தை அளவுகோல் வைத்து அளப்பதை அதில் ஓர் உறுப்பாக்கினர்.

காரணம் தசைக்குள்ளேயே இருக்கிறது. விலங்கு இறந்தபின் அதன் தசையிலுள்ள கல்பெயின் என்னும் நொதியம் தசைநார்களை மெல்ல மெல்ல வெட்டித் தளர்த்துகின்றது. அதனைத் தடுத்து நிறுத்தும் வேறொரு பொருளும் தசையில் உண்டு. அதன் பெயர் கல்பஸ்ராற்றின். திமிலுள்ள கிளையில் இத்தடைப்பொருள் மிகுதி. ஆகவே தளர்ச்சி குறைவு. குயீன்ஸ்லாந்தில் றொக்காம்ப்ரன் நகரை அடுத்த பெல்மண்ட் பண்ணையில் அறிஞர்கள் வேறொரு வழி தேடினர். ஆபிரிக்காவின் அபிரிக்காந்தர் இனத்தை இங்கிலாந்து இனங்களோடு கலந்து, வெப்பத்தையும் உண்ணியையும் தாங்கியும் இறைச்சி அவ்வளவு கடினப்படாத பெல்மண்ட் சிவப்பு என்ற இனத்தை உண்டாக்கினர். கலப்பினம் என்பது இரண்டைச் சேர்ப்பது மட்டுமன்று. எதனை இழக்கச் சம்மதம் என்று முன்கூட்டியே தீர்மானிப்பதுமாகும். அவர்கள் அதற்குப் பல்லாண்டு செலவிட்டனர்.

அப்படியானால் நாமும் அவ்வாறே செய்தல் ஆகாதோ என்று கேட்கலாம். ஈண்டு என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: நம் இறைச்சியின் கடினத்துக்கு இனம் ஒரு காரணமே, பெரிய காரணம் அன்று.

வயது முதற் காரணம். மாடு முதிருந்தோறும் தசையைப் பிணைக்கும் இழையங்கள் ஒன்றோடொன்று இறுகப் பின்னிக்கொள்கின்றன. பத்தாண்டு ஏரிழுத்த எருதின் தொடையை மென்மையாக்கும் காளை உலகில் எங்கும் இல்லை. இரண்டாவது காரணம் கடையின் வழக்கம். கல்பெயின் தன் வேலையைச் செய்வதற்கு நாட்கள் வேண்டும். மேல்நாட்டார் குளிரறையில் ஒரு கிழமையோ இரண்டு கிழமையோ இறைச்சியைத் தொங்கவிட்டு வைப்பது இதனாலேயே. நம் ஊரில் விடியற்புறம் அறுத்தது காலையில் விலைப்பட்டு உச்சிப்பொழுதுக்குள் கறியாகிவிடும். உயிர்போன தசை விறைத்து இறுகும் நேரமும் அதுவே. குளிரறை இல்லாத வெப்பநாட்டில், கெட்டுப்போகுமுன் உண்ணவேண்டும் என்ற விவேகம் இவ்வழக்கத்தை உண்டாக்கிற்று. அதனைக் குறைகூறுதல் நியாயமன்று. ஆனால் நொதியத்துக்கு நாம் வேலை செய்ய நேரமே கொடாதிருக்க, அதன் தடைப்பொருளைக் குறைக்கவென்று கடல்கடந்து காளை தேடுவது பொருத்தமோ?

நம் வீட்டுப் பெண்கள் இந்தச் சிக்கலைத் தம் வழியிலே தீர்த்துக்கொண்டனர். பச்சைப் பப்பாசிக்காயை அரைத்தோ துண்டமாக்கியோ இறைச்சியோடு சேர்ப்பது பழைய கைமுறை. அக்காயின் பாலிலுள்ள பப்பெயின் என்னும் நொதியம், கல்பெயின் நாட்கணக்கில் செய்யும் வேலையைச் சிறுபொழுதிற் செய்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போருக்கு முந்திய காலத்தில் பப்பெயினை உலகச் சந்தைக்கு அனுப்பிய நாடுகளுள் முன்னணியில் நின்றது இலங்கை. மேல்நாட்டார் அதனைத் தூளாக்கிப் புட்டியில் அடைத்து, இறைச்சியை மென்மையாக்கும் மருந்தென்று விற்றனர். அத்தூளின் பிறப்பிடம் நம் கொல்லைப்புறத்துப் பப்பாசி மரம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மென்மையான இறைச்சிக்குரிய திமிலற்ற இரத்தம் இத்தீவுக்கு வராமலில்லை. மலைநாட்டு ஜேர்சியும் பிரீசியனும் அவ்விரத்தத்தின. பாலுக்காகக் கொண்டுவந்த அவ்வினங்களின் ஆண்கன்றுகள், நன்றாக ஊட்டி இளமையிலே விற்கப்பட்டால், தேடுகின்ற மென்மை கையெட்டும் தூரத்திலேயே உண்டு. பாலுக்கு உதவாதென்று அக்கன்றுகளைப் பேணாது விடும் வழக்கமே அதற்குத் தடை. அதே கன்றைக் கொண்டுவந்து படுவான்கரை வெயிலில் பட்டியோடு திறந்துவிட்டாலோ, உண்ணிக் காய்ச்சல் முந்திக்கொள்ளும்.

எது நிற்கும், எது நில்லாது என்பதை நம் பகுதியின் துன்பகாலங்கள் சோதித்துக் காட்டின. 1978 நவம்பர் 23ஆம் நாள் இரவு வீசிய சூறாவளியில் தென்னைகள் சாய்ந்தது போலவே மாடுகளும் மடிந்தன. நான் அப்போது சிறுவன். வெள்ளம் வடிந்தபின் வட்டைகளில் மிதந்து ஒதுங்கிய உடல்களை எரிக்க விறகின்றிப் பெரியவர்கள் திகைத்து நின்றது நினைவில் இருக்கிறது. பின்னர்ப் போர்க்காலம் வந்தது. மேய்ச்சற்றரைகளுக்கு மனிதர் போக இயலாதாயிற்று, மாடுகள் மாத்திரம் போய்வந்தன, பல வரவில்லை. 1987இல், நாற்பதாண்டுகளுக்கு மேலாக இத்தீவில் இல்லாதிருந்த மாட்டுக் கொள்ளைநோய், வெளியிலிருந்து வந்த ஆடுகளின் வழியே மீண்டும் நுழைந்து வடக்கையும் கிழக்கையும் வாட்டிற்று. போர்ச்சூழலில் தடுப்பூசியோடு ஊரூராகச் சென்ற மிருக வைத்தியர்களின் பணி போதிய அளவு எழுதப்படவில்லை. 1994இல் அந்நோய் இங்கு இறுதியாகக் காணப்பட்டது. 2011இல் உலகிலிருந்தே அது ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. மனிதரின் பெரியம்மைக்கு அடுத்தபடியாக இவ்வுலகை விட்டு நீங்கிய நோய் இதுவே. இவற்றையெல்லாம் தாண்டிப் பட்டிகளை மறுபடி நிறைத்தது பெரும்பாலும் நாட்டுப் பசுவின் வயிறுதான்.

இன்று கலப்பினக் கிடாரி வேண்டாமென்று எவரும் சொல்வதில்லை. பாலின் விலை அதனைக் கேட்க வைக்கிறது. ஆனால் பட்டி வைத்திருப்பவர்களோடு பேசினால், முதலில் வருவது காளையைப் பற்றிய பேச்சன்று, புல்லைப் பற்றியது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தோன்றி, நம்மவர் பட்டிப்பளை ஆறு என்று வழங்கிய ஆற்றை மறித்து, அன்றைய மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதிக் காட்டை வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் ஆக்கிற்று. 1961இல் அப்பகுதி அம்பாறை மாவட்டமாகப் பிரிந்தது. நெல் பெருகியது உண்மை. உழவு இயந்திரம் வந்து எருமையின் வேலையையும் எருதின் வேலையையும் எடுத்துக்கொண்டதும் உண்மை. அக்கணக்கில் மேய்ச்சற்றரையின் பரப்பை எவரும் தனியே எழுதிவைக்கவில்லை. எஞ்சியவற்றுள் பெரியது மயிலத்தமடு, மாதவணைப் பகுதி. அங்கே வெளியிலிருந்து வந்தோர் நிலத்தைப் பிடித்துப் பயிர்செய்வதாகவும், மாடுகள் சுடப்பட்டும் பொறிவெடியில் வாய் சிதறியும் சாவதாகவும் முறையிட்டு, 2023 செப்டம்பரில் பாற்பண்ணையாளர்கள் சித்தாண்டியில் அறவழிப் போராட்டம் தொடங்கினர்.

அரை இரத்தக் கலப்பினப் பசு நாட்டுப் பசுவைவிடப் பெரியது. பெரிய உடம்புக்குப் பெரிய தீன் வேண்டும். கட்டிவைத்து வெட்டிய புல்லும் தவிடும் போடும் வீட்டில் அது பாலைப் பெருக்குகிறது. காட்டோரத்தில் திறந்துவிட்ட பட்டியில், ஆவணி மாதத்து வரட்சியிலே முதலில் எலும்பு தெரிவது அதற்கே. அலைந்து மேயும் பட்டியில் எந்தப் பசு என்றைக்குச் சினைப்பருவம் கொள்கின்றது என்று கண்டறிந்து வைத்தியரை அழைத்துவருவதும் எளிதன்று. ஆகவே ஊசியினும் பட்டிக்காளையே அங்கு இன்றளவும் பெரிதாய் நம்பப்படுகிறது. சென்ற சிறுபோகத்துக்கு முன்னர்ப் படுவான்கரையில் முதியவரொருவரின் காலையடியில் நின்று, இறைச்சிக்கென்றே ஒரு பிராமன் காளை கிடைத்தால் வைத்துக்கொள்வீர்களா என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பாராமலே, "அது இந்த மாடுகளோட மாதவணைக்குப் போய் மேயுமா, இல்ல நான் அதுக்குப் புல்லுச் சுமக்கணுமா, அதிபர்?" என்று கேட்டுவிட்டுக் கன்றுகளை அவிழ்க்கப் போய்விட்டார்.